விசா வரும்வரை ஊர் பார்க்கலாம்

2005-ஆம் ஆண்டு வாக்கில் தெற்குச் சீனாவின் குவாங்சோ நகரில், முத்து நதிக் கரையிலுள்ள ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் காலைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் புதிதாக நுழைகிற எவருக்கும் ஒரு கணம் ஒன்றும் புரிந்திருக்காது. மேசைக்கு மேசை அமெரிக்க அப்பா அம்மா. மேசைக்கு மேசை மடியில் ஒரு சீனப் பெண் குழந்தை. கஞ்சியை எந்தப் பதத்தில் ஊட்டுவது என்று தெரியாமல் ஒரு தாய் கரண்டியை வைத்துக்கொண்டு தவிப்பார். பக்கத்து மேசையில் ஆறு வயது அண்ணன், மூன்று நாளுக்கு முன்னால் கிடைத்த தங்கைக்குத் தன் தட்டிலிருந்து பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். அது மாநாடும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. அத்தனை பேரும் விசாவுக்காகக் காத்திருந்தார்கள்.

சீனாவில் அமெரிக்கக் குடியேற்ற விசா வழங்கிய அலுவலகம் ஒன்றே ஒன்று, குவாங்சோவிலிருந்த துணைத்தூதரகம். குழந்தை ஹுனானில் கிடைத்தாலும் சரி, கான்சூவில் கிடைத்தாலும் சரி, அமெரிக்கா போக வேண்டுமென்றால் இந்த ஊருக்கு வந்தே ஆக வேண்டும். வெளிநாட்டவருக்கு வழிவிட்ட சீனத் தத்துச் சட்டம் 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் கதவு மூடப்பட்டபோது ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போயிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், 82,000-க்கும் மேல், அமெரிக்காவுக்கு. உச்ச ஆண்டான 2005-இல் மட்டும் சுமார் 7,900 பேர். அமெரிக்கா போனவர்களில் பெரும்பாலோர் தாய்நாட்டில் கடைசி ராத்திரிகளைக் கழித்த ஊர் குவாங்சோ.

வந்தவர்கள் அறையிலேயே அடைந்து கிடக்கவில்லை, ஊர் சுற்றினார்கள். தத்துக் கதைகளில் அந்தச் சுற்றல் ஒரு ஓரக் குறிப்பாகத்தான் வரும். குழந்தையைக் கையில் வாங்கிய நிமிடம்தான் கதை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்கிற நினைப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை பின்னால் 'என் ஊர் எப்படி இருந்தது?' என்று கேட்டபோது பெற்றோரால் எடுத்து நீட்ட முடிந்தது, அந்த இரண்டு வாரப் பயணத்தில் பார்த்ததையும் படம் பிடித்ததையும்தான். வேறு எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே அவர்களுக்கு எது காட்டப்பட்டது, எது காட்டப்படவில்லை என்பது சின்ன விஷயம் அல்ல.

வெறும் கையோடு பெய்ஜிங்

பயணத் திட்டத்தை வகுத்தவை அரசாங்கக் காகிதங்கள். பெரும்பாலான குழுக்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களாக முதலில் பெய்ஜிங்கில் இறங்கின. இரண்டு மூன்று நாள் நேரமாற்றக் களைப்பு தெளியட்டும், கூடவே ஊரும் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று தத்து ஏஜென்சிகள் செய்த ஏற்பாடு. தியனன்மென் சதுக்கம், மன்னர்களின் பழைய அரண்மனை நகரம், பழைய சந்துகளில் ரிக்‌ஷா சவாரி, ராத்திரி சர்க்கஸ். சீனப் பெருஞ்சுவருக்குப் போகும் வழியில் ஜேட் கல் தொழிற்சாலை ஒன்றிலோ, எனாமல் பூச்சுக் குடங்கள் செய்யும் பட்டறையிலோ வண்டி தவறாமல் நிற்கும். கைடுக்குக் கமிஷன் எங்கே கிடைக்குமோ அங்கே நிற்காத சுற்றுலா வண்டி உலகத்தில் எங்கும் கிடையாது.

பெட்டி நிறைய டயப்பர், பால் பவுடர், மூன்று அளவில் குட்டிச் சட்டைகள். குழந்தையைத்தான் காணோம். பையில் இருப்பது சீனத் தத்து மையம் அனுப்பிவைத்த ஒரு சின்னப் படமும் ஒரு பக்க மருத்துவக் குறிப்பும். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பார்களோ. பெருஞ்சுவரின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்ட பெண்கள் பலர் அந்தப் படத்தையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். கீழே நூற்றாண்டு நூற்றாண்டாகக் கட்டிய சுவர் மலை மலையாய்ப் போய்க்கொண்டிருக்கும், மனம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே ஏதோ ஒரு காப்பகத்துத் தொட்டிலில் இருக்கும். கைடு சொல்லும் மிங் வம்சத்துக் கதையெல்லாம் யார் காதில் ஏறும்?

அலுவலக வராந்தாவில்

அடுத்தது மாகாணத் தலைநகரம். சாங்ஷா, நான்சாங், வூஹான், நான்னிங் என்று குழந்தையின் மாகாணத்தைப் பொறுத்து மாறும். காப்பக ஆயாக்கள் பல மணி நேரம் பஸ்ஸில் தூக்கி வந்த குழந்தைகளை மாகாணக் குடிமை விவகார அலுவலகத்திலோ ஹோட்டல் கூடத்திலோ வைத்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு பெற்றோர் அழுதார்கள். குழந்தை அதைவிடப் பலமாக அழுதது. அதுவரை அதற்குத் தெரிந்த ஒரே முகம் அந்த ஆயாவுடையது, அது கதவைத் தாண்டிப் போய்விட்டதே.

இருபத்து நாலு மணி நேரம் 'பழகிப் பாருங்கள்' என்று அவகாசம் உண்டு. மறுநாள் அதிகாரி கேட்பார்: இந்தக் குழந்தையில் உங்களுக்குத் திருப்தியா? கைவிட மாட்டோம், கொடுமை செய்ய மாட்டோம் என்று உறுதி தருகிறீர்களா? கையெழுத்து, பெற்றோரின் கைரேகை, குழந்தையின் குட்டிப் பாதத்தில் சிவப்பு மை. காப்பகத்துக்கு நன்கொடை 3,000 டாலர், மடிப்புக் கலையாத புது நோட்டாக. நோட்டின் ஓரம் கிழிந்திருந்தால் வாங்க மாட்டார்கள் என்று ஏஜென்சிகள் முன்கூட்டியே எச்சரித்து அனுப்பின.

காகிதம் முடிந்தாலும் குழந்தையின் சீன பாஸ்போர்ட் வர இன்னும் நாலைந்து நாள் ஆகும். மாகாணத்தை விட்டு நகர முடியாது. மறுபடியும் ஊர் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான். வூஹான் போனவர்கள் மஞ்சள் கொக்கு மாடம் ஏறினார்கள். நான்சாங்கில் தெங்வாங் மண்டபம். சாங்ஷாவில் ஹுனான் மாகாண அருங்காட்சியகம். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் தோல் மென்மை குலையாமல் கிடைத்த ஹான் காலத்துச் சீமாட்டியின் உடல் அங்கேதான் இருக்கிறது. நேற்று அறிமுகமான பத்து மாதக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற பெற்றோர் எத்தனையோ பேர். பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசையில் வந்தவர்கள் அவர்களில் குறைவு. அறைக்குள் அழும் பிள்ளை, வெளியே தூக்கிக்கொண்டு போனால் வாயை மூடுகிறது, அவ்வளவுதான்.

தெருவில் வேறொரு சோதனை. வழியில் போகிற பாட்டிமார் நின்று, குழந்தையின் சட்டையைத் தூக்கி எத்தனை அடுக்கு என்று எண்ணுவார்கள். காலுறை கொஞ்சம் இறங்கியிருந்தால் இழுத்துவிடுவார்கள். போதாது என்று பட்டால் நடுத்தெருவில் வசைதான், வெயில் கொளுத்தினாலும் சரி. திட்டிக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தி, அதிர்ஷ்டக்காரக் குழந்தை என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். பயணம் போனவர்களின் குறிப்புகளில் இந்தப் பாட்டிகள் இல்லாத குறிப்பே அபூர்வம். ஒரு நாட்டு மக்கள் இந்தப் பெண் குழந்தைகளின் மேல் என்ன உணர்வு வைத்திருந்தார்கள் என்பதற்கு, பெருஞ்சுவரைவிட அந்தப் பாட்டிகள்தான் நல்ல சாட்சி என்பேன்.

காப்பகத்தைப் பார்க்க முடிந்ததா? சிலருக்கு அனுமதி கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. குழந்தை கண்டெடுக்கப்பட்ட இடம் கோப்பில் ஒரு வரியாக இருக்கும். இன்ன சந்தை வாசல், இன்ன பாலத்தடி, காப்பகத்தின் கேட். பிறந்த தேதி பெரும்பாலும் குத்துமதிப்பு. பொறுமையுள்ள கைடு அமைந்தால் அந்த இடத்துக்கு ஒரு தடவை வண்டியைத் திருப்புவார். அமையாவிட்டால் அன்றைக்கும் எம்பிராய்டரிக் கடைதான்.

தள்ளுவண்டித் தீவு

கடைசியாக குவாங்சோ. அதிலும் ஷாமியன் தீவு. தீவு என்றாலும் பெரிய நிலப்பரப்பு ஒன்றும் இல்லை, ஆற்றோர மணல் திட்டு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. இரண்டாம் அபினிப் போரில் தோற்ற சீனாவிடமிருந்து பிரிட்டனும் பிரான்ஸும் இதை வாங்கி, ஐந்தில் நாலு பங்கு எனக்கு ஒரு பங்கு உனக்கு என்று பிரித்துக்கொண்டன. ஊரிலிருந்து துண்டிக்க ஒரு கால்வாய் வெட்டி, பாலத்தில் கதவு போட்டார்கள். 1925 ஜூன் 23 அன்று கால்வாயின் அக்கரையில் ஊர்வலம் போன சீனர்களின் மேல் தீவிலிருந்து துப்பாக்கிச்சூடு நடந்தது. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஆலமர நிழலும் பழைய தூதரக மாளிகைகளும் வெண்கலச் சிலைகளுமாக இன்று அது குவாங்சோவின் மிக அமைதியான இடம்.

ஹாங்காங் தொழிலதிபர் ஹென்றி ஃபோக்கின் முதலீட்டில் ஒயிட் ஸ்வான் ஹோட்டல் 1983-இல் இங்கே எழுந்தது. எலிசபெத் மகாராணி 1986-இல் வந்திருக்கிறார். லாபிக்குள் ஒரு அருவி விழும். கடல் கடந்து போன சீனர்கள் திரும்பி வரும்போது சொந்த ஊர் நினைப்பு வரட்டும் என்று அதைக் கட்டினார்கள். தொண்ணூறுகளில் அந்த அருவியடியில் வந்து நின்றவர்களோ புதிதாகக் கடல் கடக்கப் போகிறவர்கள். அமெரிக்கத் துணைத்தூதரகம் பல வருடம் ஹோட்டலை ஒட்டியே இருந்தது. தத்துக் குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனை நிலையமும் தீவிலேயே. போதாதா? தீவு முழுக்க ஒரு தொழில் முளைத்துவிட்டது.

கடைக்காரர்கள் குழந்தைத் தள்ளுவண்டியை வாடகையில்லாமல் இரவல் கொடுத்தார்கள், திருப்பித் தர வரும்போது ஏதாவது வாங்காமலா போய்விடுவார்கள் என்ற கணக்கில். நடக்க நடக்கக் கீச்சிடும் குட்டிச் செருப்பு, பட்டுச் சீன உடை சின்னதிலிருந்து பெரியது வரை, நன்னீர் முத்து மாலை, குழந்தையின் சீனப் பெயரைச் செதுக்கிய கல் முத்திரை. கெட்டிக்காரப் பெற்றோர் வருடத்துக்கு ஒன்று என்று பதினெட்டு வயது வரைக்குமான பரிசுப் பொருளை அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஹோட்டலில் தங்கிய தத்துப் பெற்றோருக்கு மேட்டல் நிறுவனத்தின் பார்பி பொம்மை ஒன்று இலவசம். பொன்னிறக் கூந்தல் பார்பி, இடுப்பில் ஒரு ஆசியக் குழந்தை. கடையில் விற்காத அந்தப் பொம்மையைப் பின்னால் சேகரிப்பாளர்கள் தேடி அலைந்தார்கள். நான் அதன் படத்தைப் பார்த்திருக்கிறேன். இதைவிட அப்பட்டமாக ஒரு நிறுவனம் தன்னை அறியாமல் உண்மையைச் சொன்னதில்லை என்று தோன்றியது.

லாபியில் ஒரு சிவப்பு சோபா. விமானம் ஏறும் முன் குழுவின் எல்லாக் குழந்தைகளுக்கும் பட்டு உடுத்தி, அதில் வரிசையாகச் சாய்த்து வைத்துப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒன்று வீறிடும், ஒன்று பக்கத்துக் குழந்தையின் தொப்பியைப் பிடித்து இழுக்கும், ஒன்று சரிந்து கீழே போய்க்கொண்டிருக்கும். எதிரே பன்னிரண்டு அப்பாக்கள் கேமராவோடு கோமாளித்தனம் செய்வார்கள்.

காத்திருக்கும் நாட்களில் குழுக்கள் வாடிக்கையாகப் போன இடங்களில் ஒன்று ஆறு ஆலமரக் கோயில். 537-இல் தோன்றிய பௌத்த ஆலயம். பிக்கு மந்திரம் சொல்லிக் குழந்தைகளின் தலையில் நீர் தெளித்து ஆசீர்வதிப்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் டெக்சாஸ்காரர்களும் குவான்யின் சிலைக்கு முன்னால் மண்டியிட்டார்கள், பிள்ளைக்காக.   

இன்னொரு இடம் சென் குல மண்டபம். 1894-இல் கட்டி முடித்தது. குவாங்டாங் மாகாணத்தின் 72 வட்டாரங்களைச் சேர்ந்த சென் குடும்பங்கள் பணம் போட்டுக் கட்டிய மூதாதையர் மாளிகை. கூரை முகடெல்லாம் சுடுமண் சிற்பம், கதவெல்லாம் மரச் செதுக்கல். அரசுத் தேர்வு எழுத நகரத்துக்கு வரும் குலத்துப் பையன்கள் தங்கிப் படிக்கவும், முன்னோருக்கு வழிபாடு நடத்தவும் கட்டினார்கள். குலம் ஆண் வழியாகவே ஓடும். பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அந்த முற்றத்தில் தள்ளுவண்டியில் உருண்ட குழந்தைகளின் குடும்பப்பெயர் பல காப்பகங்களில் ஊரின் பெயர்தான். சில இடங்களில் ஒரே வருடத்தில் வந்த எல்லாருக்கும் ஒரே பெயர். கைடு சிற்பங்களை விளக்குவார், அந்தக் குழந்தைகள் அங்கே வந்து சேர்ந்த காரணமும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார். சொல்வது அவர் வேலையும் இல்லை.

விசா நாளில் துணைத்தூதரகத்தில் கூட்டமாக நின்று, வலக்கையை உயர்த்தி, கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று சத்தியம். ஒட்டிய பழுப்பு உறை ஒன்று கைக்கு வரும். அமெரிக்காவில் இறங்கும் விமான நிலையத்தில் அதிகாரியிடம் கொடுக்கும்வரை பிரிக்கக் கூடாது. 2001 பிப்ரவரியில் அமலான சட்டத்தின்படி, சீனாவிலேயே தத்து முடிந்த குழந்தை அமெரிக்க மண்ணில் நுழைந்ததுமே குடிமகள். ஒரு நீண்ட விமானப் பயணத்தில் நாடு மாறிவிடும்.

கைடு சொல்லாதது

பஸ்ஸில் கைடு மைக்கைப் பிடித்துச் சொன்ன விளக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு குழந்தைக் கொள்கை, ஆண் வாரிசு ஆசை, அதனால் பெண் குழந்தைகள் கைவிடப்படுகிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கே ஆன் ஜான்சன் தானும் சீனாவிலிருந்து ஒரு பெண்ணைத் தத்தெடுத்தவர். கிராமம் கிராமமாக விசாரித்து அவர் எழுதியது வேறு மாதிரி. மகள் வேண்டும் என்று, கண்டெடுத்த பெண் குழந்தையை வளர்க்கத் தயாராயிருந்த சீனக் குடும்பங்கள் நிறைய இருந்தன. ஆனால் 1992-இல் வெளிநாட்டவருக்கு வழிவிட்ட அதே சட்டம், தத்தெடுக்கிறவருக்குச் சொந்தக் குழந்தை இருக்கக் கூடாது, வயது 35 ஆகியிருக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்களை வடிகட்டியது. தத்து என்ற பேரில் கூடுதல் பிள்ளையை ஒளித்துவிடுவார்களே என்ற சந்தேகம். 1999-இல்தான் விதி தளர்ந்தது. யாருக்கும் வேண்டாத குழந்தை என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பெண்கள் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள்?

அதைவிடக் கசப்பானவையும் வெளிவந்தன. ஹுனானின் ஹெங்யாங் பகுதிக் காப்பகங்கள் ஆட்களிடம் விலை கொடுத்துக் குழந்தை வாங்கிய விவகாரம் 2005-இல் அம்பலமாகி, 2006 பிப்ரவரியில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதே மாகாணத்தின் லோங்ஹுய் வட்டாரத்தில், கூடுதல் குழந்தைக்கு விதித்த அபராதத்தைக் கட்ட முடியாத குடும்பங்களிடமிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காப்பகத்தில் விட்டதைச் சீனப் பத்திரிகையான சாய்ஷின் 2011-இல் எழுதியது. அப்படிப் பிடுங்கப்பட்டவர்களில் ஒருத்தி, ஒரு இரட்டையரில் ஒருத்தி, டெக்சாஸில் வளர்ந்தாள். 2019-இல் சீனா போய்த் தன் சகோதரியைச் சந்தித்தாள். பத்திரிகையாளர் பார்பரா டெமிக் அந்தக் கதையை 2025-இல் புத்தகமாக்கியிருக்கிறார்.

எல்லாத் தத்தும் மோசடி என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது, கோப்பிலிருந்த அத்தனையும் உண்மை என்று நம்புவதைப் போலவே சோம்பேறித்தனம். ஆனால் சாங்ஷா ஹோட்டல் நீச்சல் குளத்தருகே எடுத்த சிரித்த படத்துக்கு, பத்து வருடம் கழித்து இப்படியொரு பின்னணி வந்து சேர்ந்தால் அதை என்ன செய்வது? ஆல்பத்தைப் பரணில் ஏற்றியவர்கள் உண்டு. முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்து, பின்னணியில் நிற்கும் ஆயாவின் முகத்தைப் பெரிதாக்கித் தேடியவர்களும் உண்டு.

மூடிய கதவு, திரும்பி வரும் பெண்கள்

2005-இல் ஆறேழு மாதத்தில் கிடைத்த குழந்தைப் பரிந்துரை, பிறகு வருடக்கணக்கில் இழுத்தது. 2007 மே முதல் வயது, வருமானம், உடல் பருமன் வரை சீனா நிபந்தனை போட்டது. உள்நாட்டில் தத்து பெருகியது. பிற்பாடு வெளிநாடு போனவர்களில் பெரும்பாலோர் உதட்டுப் பிளவோ இதயக் கோளாறோ உள்ள, சிகிச்சை தேவைப்பட்ட குழந்தைகள். அவர்களில் ஆண் பிள்ளைகளும் கணிசம். 2020 தொடக்கத்தில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அமெரிக்கா போனவர்கள் 2019-இல் 819, 2023-இல் 16. 2024 செப்டம்பர் 5 அன்று, நெருங்கிய ரத்த உறவினரும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையரும் தவிர வேறு வெளிநாட்டவருக்குத் தத்து இல்லை என்று பெய்ஜிங் அறிவித்துவிட்டது. பெயரும் படமும் கையில் வந்து, அறையைக்கூட அலங்கரித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. அந்தக் குழந்தைகள் காப்பகங்களிலேயே தங்கிவிட்டார்கள்.

ஷாமியனில் தள்ளுவண்டிக் கடைகள் முன்பே தேய்ந்துபோயின. ஒயிட் ஸ்வான் 2012-இல் புதுப்பிப்புக்காக மூடி, 2015-இல் திறந்தது. துணைத்தூதரகம் 2013-இல் நகரின் புதுப் பகுதிக்குப் போய்விட்டது. தீவில் இப்போது கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வருகிறவர்கள் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். போன குழந்தைகள், இருபதுகளில், சிலர் பெற்றோருடன், சிலர் தனியாக. அவர்களுக்கென்றே பூர்வீகப் பயணம் நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. அட்டவணையில் பெருஞ்சுவர் உண்டு, பாண்டா உண்டு. 2021-இல் வந்த 'ஃபவுண்ட்' என்ற ஆவணப்படத்தில், வெவ்வேறு வீடுகளில் வளர்ந்து மரபணுச் சோதனையால் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று தெரிந்துகொண்ட மூன்று பதின்வயதுப் பெண்கள் சீனா வருகிறார்கள். மற்றப் பயணிகள் போலத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். தங்களைக் குழந்தையில் தூக்கி வளர்த்த ஆயாக்களைச் சந்திக்கும்போது வேடிக்கை நின்றுவிடுகிறது.

இவர்கள் கேட்பது காப்பகத்தில் தங்கள் கோப்பை ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி. கண்டெடுக்கப்பட்ட இடம். குழந்தை கிடைத்த செய்தியைக் காப்பகம் விதிப்படி உள்ளூர் நாளிதழில் வெளியிட்ட சின்ன விளம்பரம், அதிலுள்ள படம். பலருக்கும் அதுதான் தங்களுடைய முதல் படம். கிராமத்துச் சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர். பெற்றவர்கள் யாராவது முன்வந்தால் எச்சில் மாதிரி எடுக்க ஒரு சோதனைப் பெட்டி. தேடிக் கிடைத்தவர்கள் மிகக் கொஞ்சம். அப்பா அம்மா இருபது வருடத்துக்கு முன்னால் எடுத்த பயணப் படங்களில் அந்தக் கிராமங்கள் பெரும்பாலும் இல்லை. சுற்றுலா வண்டியும் அங்கே போவதில்லை. மாகாணத் தலைநகரில் இறங்கி, மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வாடகைக் காரில்தான் போக வேண்டும்.